இரண்டு பெட்டைக் குருவிகள்

நோயிலிருந்து எழும்பியவர்கள் எழுதும்போது முதலில் கடவுளுக்கும் டொக்டர்மாருக்கும் நன்றி சொல்வார்கள். நான் நன்றியைக் கடைசிக்கு வைத்திருக்கிறேன். எழுதி முடிக்கும்வரை கோபம் தீராவிட்டால் அந்த நன்றி இல்லாமலே போகட்டும்.

ஜேர்மனிக்கு வந்து இரண்டாவது குளிர்காலம். நானும் என் கணவர் சிவமும் கார்ல்ஸ்ரூஹே பக்கத்தில் ஓர் அகதிகள் விடுதியில், நாங்கள் ஹைம் என்று சொல்லுகிற இடத்தில், ஒரு அறையில் இருந்தோம். எனக்கு இருமல் தொடங்கியது. முதலில் குளிர் என்றார்கள், பிறகு ஹைம் சுவரில் இருந்த பூஞ்சணம் என்றார்கள். பின்னேரமானால் காய்ச்சல் காயும். என் பாவாடைகள் எல்லாம் இடுப்பில் நிற்காமல் வழுகின. சுகாதார அலுவலகத்தில் எக்ஸ்றே எடுத்தபோது வலது நுரையீரலின் மேல்பக்கம் முட்டை அளவில் ஒரு வெள்ளை தெரிந்தது.

எங்களுக்கு மொழிபெயர்க்க வந்தவர் இராசு அண்ணை. எழுபதுகளிலேயே வந்து, தொழிற்சாலை வேலையும் நல்ல ஜேர்மனும் உள்ளவர். அந்தப் பகுதியில் எந்தத் தமிழனுக்கு எந்த அலுவலகத்தில் டெர்மின், குறித்த நேரச் சந்திப்பு, என்றாலும் அவர்தான் கூட வருவார். ஒரு சதம் வாங்கமாட்டார். சுகாதார அலுவலகத்து டொக்டர் கனநேரம் கதைத்தார். அண்ணை எனக்குச் சொன்னது ஒரே வசனம்.

"சளி கொஞ்சம் கட்டிப்போச்சு தங்கச்சி, காட்டுப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில இருந்து மருந்து குடிச்சால் சரி."

சயரோகம் என்பதை நான் அறிந்தது ஹைம் குசினியில். என் சட்டிபானை எல்லாம் ஒரு மூலைக்குத் தள்ளப்பட்டிருந்தது. சயரோகம் என்ற சொல் கதவுக்குப் பின்னால் கிசுகிசுவாகக் கேட்டது. முதல் நாள்வரை என் கறியில் கரண்டி வைத்தவர்கள், நான் உள்ளே வந்ததும் அடுப்பைக் குறைத்துவிட்டு வெளியே போனார்கள்.

இராசு அண்ணையின் முறை அதுதான். எந்தச் செய்தியிலும் உறைக்கிற பக்கத்தை வெட்டி எறிந்துவிட்டு மிச்சத்தை எங்களுக்குத் தருவார். நாங்கள் சொல்வதை டொக்டருக்குச் சொல்லும்போதும் அவர் அதையே செய்துகொண்டிருந்தார் என்பது எனக்கு அப்போது தெரியாது.

கறுப்புக் காட்டின் ஓரத்தில் இருந்தது அந்த நுரையீரல் ஆஸ்பத்திரி. கதவில் ஒரு அறிவிப்பு, தாதிமாருக்கு முகமூடி. விடிந்ததும் நெஞ்சின் அடியிலிருந்து இருமி ஒரு கிண்ணத்தில் சளி துப்ப வேண்டும். அந்தச் சளியில் கிருமி இல்லை என்று வரும்வரை வெளியே விடமாட்டார்கள். குளிசைகள் பல சாதி. ஒன்று சிறுநீரைச் செம்மஞ்சளாக்கும். இது மட்டும் தாதி கையைக் காட்டிச் சிரித்துச் சொன்னதால் விளங்கியது. இன்னொன்றின் பெயர் எத்தம்பியூட்டோல். சயரோகக் கிருமியைப் பெருகவிடாமல் தடுக்கிற மருந்து. சிலபேருக்கு அது கண்ணிலிருந்து மூளைக்குப் போகிற நரம்பைக் கெடுக்கும். முதலில் நிறங்கள் மங்கும், சிவப்பும் பச்சையும் முன்னால் போகும். அந்த நேரத்தில் நிறுத்தினால் கண் தப்பும், விட்டால் பார்வையே போகும். இதெல்லாம் இப்போது எனக்கு மனப்பாடம். அப்போது அது பெரிய வெள்ளைக் குளிசை, அவ்வளவுதான்.

என் அறையில் மற்றக் கட்டில் லின்ட்னர் அம்மாவுடையது. அறுபது கடந்த விதவை. இரண்டாம் உலக யுத்த காலத்தில் வந்த சயரோகம் திரும்பி வந்திருந்தது. கோபக்காரி. ஆஸ்பத்திரிச் சூப்பை முகர்ந்து பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்புவார், தாதி கதவை அடித்துச் சாத்தினால் மணியை அடித்துக் கூப்பிட்டுத் திரும்பச் சாத்தவைப்பார். எனக்கு அவரை உடனே பிடித்துக்கொண்டது.

அவர் ஆஸ்பத்திரிக்குக் கமரா கொண்டு வந்திருந்தார். எங்கள் அறைக்குப் பல்கனி இருந்தது. அங்கே குருவிகளுக்குச் சூரியகாந்தி விதை போடுகிற சின்ன மரவீட்டைத் தொங்கவிட்டு, அதன் முன்னால் முக்காலியில் கமராவை நிறுத்தி, பனி படாமல் பொலித்தீன் பையால் மூடி வைத்தார். கமராவிலிருந்து ஒரு நீளமான றப்பர்க் குழாய் கதவு இடுக்கால் கட்டிலுக்கு வரும். நுனியில் பிரஷர் பார்க்கிற உருண்டை போல ஒன்று. அதை அமுக்கினால் காற்று குழாயால் ஓடிப் போய்க் கமராவின் பொத்தானை அழுத்தும். குருவிக்குத் தூரத்தில் ஒரு கிழவி போர்வைக்குள் கிடந்து படம் எடுப்பது தெரியாது.

இதை அவருக்குப் பழக்கியவர் அமெரிக்காவில் இருக்கிற தம்பி. அந்தத் தம்பியிடம் ரேடியோ அலையால் தூரத்திலிருந்தே கமராவை இயக்குகிற பெட்டி இருக்கிறது. குசினி மேசையில் கோப்பி குடித்துக்கொண்டே அதை அமத்தி, பின் வளவில் தேன் குடிக்க வருகிற குருவிகளைப் படம் பிடிப்பாராம். அந்தப் படங்களைச் சட்டம் போட்ட சிலைட்டாக அக்காவுக்கு அனுப்பியிருந்தார். உள்ளங்கையளவில் விளக்கு வைத்த ஒரு பெட்டிக்குள் சிலைட்டைச் செருகி, நான் வந்த முதல் கிழமையே லின்ட்னர் அம்மா காட்டினார். கொலிப்ரி என்றார். பெருவிரல் அளவு குருவி, அந்தரத்தில் நின்று ஒரு போத்தலில் மூக்கை நுழைத்திருந்தது. எங்கள் செவ்வரத்தையில் தேன்சிட்டு கிளையில் தொங்கித்தான் குடிக்கும், இது காற்றில் நின்று குடித்தது. போத்தலுக்குள் சீனித்தண்ணீர், போத்தல் செக்கச்செவேல் என்று கோயில் வீதியில் விற்கும் சர்பத் போல இருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. அந்தச் சிவப்பை நான் பார்த்தேன், இரண்டு கண்ணாலும் பார்த்தேன். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், ஆஸ்பத்திரி ஞாபகம் வைத்திருக்கவில்லை.

இவர், என் கணவர், என்னைப் பார்க்க வருவதென்றால் சும்மா வர ஏலாது. அகதி தன் மாவட்டத்தைத் தாண்ட வேண்டுமென்றால் அனுமதிக் கடிதம் எடுக்க வேண்டும். மனைவி காட்டுக்குள் இருமிக்கொண்டு கிடக்கிறாள் என்றாலும் சட்டம் சட்டம்தான். ஆஸ்பத்திரிச் செலவை சோஷியல் அலுவலகம் ஏற்றது. ஆனால் ஏற்றோம் என்ற தாளை ஒவ்வொரு தரமும் கேட்டு வாங்க இவர்தான் வரிசையில் நின்றார். கடிதம் கிடைத்த நாளில் ரயிலும் பஸ்ஸும் மாறி வருவார். ஃபிளாஸ்கில் மிளகு ரசம். லின்ட்னர் அம்மா கொடுத்த வெற்று பிலிம் டப்பிகளில் வறுத்துத் திரித்த கறித்தூள். ஆஸ்பத்திரி உருளைக்கிழங்கின் மேல் அதைத் தூவினால்தான் எனக்கு ஒரு வாய் இறங்கும்.

குளிர்காலம் நடுப்பகுதிக்கு வந்தபோது அந்தத் தூள் எனக்கு மண் போலத் தெரிந்தது. கருக வறுத்திருக்கிறீர்கள் என்று இவரைப் பேசினேன். இவர் டப்பியைத் தூக்கிப் பார்த்துவிட்டுச் சட்டைப்பைக்குள் போட்டார். அடுத்த முறை வேறு தூள் வந்தது, அதுவும் மண். நெற்றிக்கு வைக்கிற சாந்துப்பொட்டு காய்ந்து கெட்டுப்போனதென்று எறிந்தேன். தக்காளிப்பழத்தைப் பழுக்காமல் தருகிறார்கள் என்று தட்டில் விட்டேன். சிறுநீரின் செம்மஞ்சள்கூடக் குறைந்து பழைய நிறத்துக்கு வந்தது போல இருந்தது, உடம்பு மருந்துக்குப் பழகிவிட்டதென்று சந்தோஷப்பட்டேன். பாருங்கள் என் சந்தோஷத்தை.

யோசிக்கவில்லையா என்று இப்போது கேட்பவர்கள் உண்டு. அந்த நாட்களில் எங்களில் யாரைக் கேட்டாலும் இந்த நாட்டில் ஒன்றுக்கும் நிறமில்லை என்றுதான் சொல்வார்கள். மீனுக்கு ருசியில்லை, பூவுக்கு மணமில்லை, வெய்யிலுக்குச் சூடில்லை. ஹைமில் எல்லாப் பெண்களும் சேலையை விரித்துப் பார்த்து, ஊரில் வாங்கியபோது இருந்த நிறம் இங்கே இல்லை என்பார்கள். எந்தக் குறைக்கும் நாட்டின் மேல் பழியைப் போட்டுப் பழகியிருந்தோம். சிவப்பு போனதற்கும் நான் ஜேர்மனியின் வெளிச்சத்தைத்தான் திட்டினேன். ஜேர்மனிக்குத் திட்டு வாங்குவதற்கு வேறு எத்தனையோ காரணம் இருக்க, இதில் பாவம் அது குற்றமற்றது.

இருந்தாலும் நான் சொன்னேன். டொக்டர் சுற்றிவர வந்த ஒரு நாள் இராசு அண்ணையும் வந்திருந்தார். எல்லாம் மங்கலாக, மண்ணாகத் தெரிகிறது, பொட்டுக்கூடச் சிவப்பில்லை என்று தெளிவாகத் தமிழில் சொன்னேன். அண்ணை தலையாட்டிக் கேட்டார், பிறகு டொக்டரிடம் மென்மையாக ஏதோ சொன்னார். டொக்டர் என் தோளில் தட்டினார். முகத்தில் அவ்வளவு இரக்கம். அன்றிலிருந்து படுக்கப் போகுமுன் எனக்கு இன்னொரு குளிசை வந்தது. மனம் அமைதியாக இருக்கவாம்.

கண் டொக்டரிடம் கூட்டிப் போகவும் டெர்மின் வைத்திருந்தார்கள். அண்ணைக்கு வேலையில் லீவு கிடைக்கவில்லை, மொழிபெயர்ப்பாளர் இல்லையென்று தள்ளிப்போட்டார்கள். திரும்பவும் வைத்தார்கள், திரும்பவும் தள்ளிப்போனது. எதற்குக் கண் டொக்டர் என்று எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. பனிக்குள் வெளியே இறங்கத் தேவையில்லையென்று நானும் நிம்மதியாகப் படுத்தேன்.

அந்தக் கிழமைகளில் பல்கனிக்கு ஒரு சோடிக் குருவி வரத் தொடங்கியது. பருத்த கழுத்து, கட்டைச் சொண்டு, தலையில் கறுப்புத் தொப்பி. ஜேர்மன்காரர் அதைக் கிம்பல் என்பார்கள். ஆணுக்கும் பெட்டைக்கும் எல்லாம் ஒன்றே, நெஞ்சு மட்டும் வேறு. பெட்டையின் நெஞ்சு சாம்பல் கலந்த மண்நிறம், ஆணின் நெஞ்சு நல்ல சிவப்பு. இரண்டும் ஒன்றாக மரவீட்டில் இருக்கிற படம் ஒன்று வேண்டுமென்று லின்ட்னர் அம்மா தவம் கிடந்தார். அவரைப் பரிசோதனைக்குத் தள்ளிக்கொண்டு போகும்போதெல்லாம் உருண்டை என் கைக்கு வரும். ஆண் வந்தால் மட்டும் அமத்து, பிலிமை வீணாக்காதே என்று தன் நெஞ்சைத் தொட்டு, சிவப்பு என்ற அவர்களுடைய சொல்லை மூன்று தரம் சொல்லிவிட்டுப் போவார். சந்தையில் தக்காளி வாங்கிய நாளிலிருந்தே அந்தச் சொல் எனக்குத் தெரியும்.

நான் கண் வெட்டாமல் பார்த்தேன். ஆண் வரவேயில்லை. பெட்டைகள்தான் வந்தன. ஒரு நாள் இரண்டு பெட்டை பக்கத்துப் பக்கத்தில் இருந்து, ஒன்று மற்றதன் வாயில் விதையை வைத்தது. சகோதரிகள் போல என்று நினைத்து, ஆசையில் உருண்டையை அமத்தினேன். ஒன்றுக்கு நாலாக அமத்தினேன். அம்மா வந்ததும் இரண்டு விரலைக் காட்டி, இரண்டும் பெட்டை என்று சொன்னேன். பிலிமைக் கெடுத்ததற்கு அன்று முழுவதும் என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை.

தபாலில் போன சுருள் சிலைட்டுகளாகத் திரும்பி வந்தது. அம்மா ஒவ்வொன்றாகப் பெட்டிக்குள் செருகிப் பார்த்துக்கொண்டு வந்தவர், திடீரென்று கட்டிலில் எழும்பி இருந்து கத்தினார். நான் பயந்துபோனேன். பெட்டியை என் கண்ணில் வைத்தார். என்னுடைய இரண்டு சகோதரிகள். ஆண், ஆண் என்றார். நெஞ்சைத் தொட்டுச் சிவப்பு என்றார். நான் தலையை ஆட்டி, மண்நிறம், இரண்டும் பெட்டை என்றேன். அவர் என்னை நையாண்டி பண்ணுகிறார் என்றுதான் நினைத்தேன், எனக்குக் கோபம் வந்தது. அவருக்கும் கோபம் வந்தது. இரண்டு சயரோகக்காரிகள் ஒரு குருவிக்காகச் சண்டை பிடித்தோம்.

பிறகு அவர் மேசை இலாச்சியைத் திறந்து, தம்பி அனுப்பிய பழைய சிலைட்டை எடுத்துச் செருகினார். அந்தரத்தில் நின்ற அதே கொலிப்ரி. அதே போத்தல். சர்பத் போத்தல் இருந்த இடத்தில் தேயிலைச்சாயம் போல ஒரு போத்தல் தொங்கியது.

தூள் கருகலாம். பொட்டுக் காயலாம். ஜேர்மன் வெளிச்சம் எப்படியும் இருக்கலாம். இந்தப் படம் அமெரிக்க வெய்யிலில் எடுத்தது, நான் சிவப்பாகக் கண்டு சிரித்தது, இலாச்சிக்குள் இருந்தது. அது மாறவில்லை. ஒரு கண்ணை மூடிப் பார்த்தேன், மற்றதை மூடிப் பார்த்தேன். இடது கண்ணில் போத்தலின் விளிம்பும் கரைந்து கிடந்தது.

லின்ட்னர் அம்மா மணியை அடித்தார். தாதி வந்தார், அட்டையைப் பார்த்தார், இவவுக்கு வீட்டு ஏக்கம் என்று டொக்டர் எழுதியிருக்கிறார் என்று சொன்னார். அந்தச் சொல் எனக்கு அன்று விளங்கவில்லை. ஆனால் அதைக் கேட்டதும் கிழவி போர்வையை உதறி எறிந்தது விளங்கியது. மணியிலிருந்து கையை எடுக்கவில்லை. கடைசியில் டொக்டர் வந்தார். அம்மா சிலைட்டுகளைக் கட்டிலில் பரப்பி, ஆணையும் பெட்டையையும் பிரிக்கும்படி எனக்குக் கையைக் காட்டினார். நான் ஒவ்வொன்றாக வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்துக் கலந்து கலந்து வைத்தேன். டொக்டர் என் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். இரக்கமுள்ள முகம் அப்போது இல்லை.

அன்றே அந்தப் பெரிய வெள்ளைக் குளிசையை நிறுத்தினார்கள். அடுத்த நாள் கண் டொக்டரிடம் கொண்டுபோனார்கள், மொழிபெயர்ப்பாளர் இல்லாமல். புள்ளிகளால் நிறைந்த படங்களைக் காட்டினார். புள்ளிகளுக்குள் இலக்கம் தெரிந்தால் விரலால் அதன்மேல் கீற வேண்டும். அவ்வளவுதான் பரிசோதனை. இந்த விரலுக்கா இத்தனை நாள் மொழிபெயர்ப்பாளரைத் தேடினார்கள்? அந்த அறையில் நான் அழுதேன். மருந்துத் துளி என்று நினைத்து உதவியாள் துடைத்துவிட்டார்.

இராசு அண்ணை அந்த வாரமே ஓடி வந்தார். இவரும் வந்திருந்தார். கண் பற்றி டொக்டர் உங்களுக்குச் சொல்லவில்லையா என்று நேரே கேட்டேன். அண்ணை கதிரையின் நுனியில் இருந்தார்.

"சொன்னவர்தான் தங்கச்சி. முதல் நாளே சொன்னவர். கண் போகும் எண்டு நான் சொல்லியிருந்தால் நீங்கள் அந்தக் குளிசையைக் குடிச்சிருப்பியளே?"

"பிறகு நான் சிவப்புத் தெரியேல்லை எண்டு சொன்னனான். அதுக்கு நீங்கள் என்ன சொன்னீங்கள்?"

"ஊர் நினைப்பு எண்டு சொன்னன். இஞ்ச ஆர் அப்பிடிச் சொல்லாதது? குறை சொல்லுற ஆக்கள் எண்டு பேர் வந்தால் எங்கட அகதிக் கேஸுக்குக் கூடாது. இண்டைக்கோ நாளைக்கோ அவங்கள் நினைச்சால் எங்களைப் பிளேனில ஏத்தலாம்."

அவர் பொய் சொல்லவில்லை. அந்தப் பயம் எங்கள் எல்லாருக்கும் இருந்தது. ஆனால் அந்தப் பயத்துக்கு என்னுடைய கண்ணை எடுத்துக் கொடுக்க அவருக்கு யார் உரிமை தந்தது? நல்லவர்கள் செய்கிற அநியாயத்துக்கு யாரைப் போய்க் கேட்பது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அவருடைய ஜேர்மனை மட்டும் நம்பி, என் கண்ணைத் திறந்து பார்க்காத டொக்டரையும் நான் விடவில்லை. டொக்டர் மன்னிப்புக் கேட்கவில்லை. நல்ல நேரத்தில் கண்டுபிடித்தோம் என்றார். கண்டுபிடித்தோமாம்.

அண்ணை போனபின் இவர் சட்டைப்பையிலிருந்து அன்றைய டப்பியை எடுத்து மேசையில் வைத்தார்.

"தூள் கருகேல்லை எண்டு எனக்குத் தெரியும். நீர் கோவிக்கிறீர் எண்டு ஒவ்வொரு தரமும் குறைச்சுக் குறைச்சு வறுத்தனான். கடைசியாக் கொண்டந்தது வறுக்காத பச்சைத்தூள்."

இரண்டு கிழமையாக வயிறு கடுத்ததன் காரணம் அப்போதுதான் விளங்கியது. சிரித்தேன், பிறகு அவருடைய கையைப் பிடித்துக்கொண்டேன். தூள் வறுக்கிற புகைக்கு ஹைமில் எல்லாரும் இவரோடு சண்டை பிடித்தார்கள் என்று வேறு ஆள் சொல்லித்தான் பிறகு அறிந்தேன்.

வசந்தத்தில் சளியில் கிருமி இல்லையென்று வந்தது, வீட்டுக்கு விட்டார்கள். வலது கண்ணில் சிவப்பு மெல்ல மெல்லத் திரும்பியது. முதலில் தக்காளி, பிறகு தபால் நிலையத்துக்குப் பக்கத்தில் சிக்னல் விளக்கு, கடைசியில் என் நெற்றிப் பொட்டு. இடது கண் வரவில்லை. லின்ட்னர் அம்மா அந்தக் கொலிப்ரி சிலைட்டை எனக்கே தபாலில் அனுப்பிவிட்டார். கிழமைக்கு ஒருக்கால் ஜன்னலில் பிடித்து, ஒரு கண்ணை மாறி ஒரு கண்ணாக மூடிப் பார்ப்பேன். என்னுடைய நன்றி அவருக்கு. வேறு யாருக்கும் மிச்சமில்லை.

கடைசிச் சோதனைக்கு அதே டொக்டரிடம் போனபோது, கூப்பிடாமலே இராசு அண்ணையும் வந்து பக்கத்துக் கதிரையில் இருந்தார். எப்படியிருக்கிறீர்கள் என்று டொக்டர் அவரைப் பார்த்துக் கேட்டார். அண்ணை வாயைத் திறந்தார்.

"நீங்கள் இருங்கோ அண்ணை, நான் சொல்லுறன்."

"தங்கச்சி, மெல்லமாச் சொல்லுங்கோ. கோவிப்பினம்."

"கோவிக்கட்டும்."

குளிர்காலம் முழுக்க லின்ட்னர் அம்மாவோடு சண்டை பிடித்துப் பழகிய ஜேர்மன் என்னிடம் இருந்தது. இலக்கணம் இல்லாத ஜேர்மன், ஆனால் உறைக்கும். இடது கண்ணில் சிவப்பு இல்லை, உங்களுடைய குளிசையால் போனது, எழுதுங்கள் என்றேன். எழுதினார். வாசியுங்கள் என்றேன். வாசித்தார். வீட்டு ஏக்கம் என்று இந்த முறை எழுதவில்லையா என்று கேட்டேன்.

டொக்டர் பேனாவை மூடினார். நான் இடது கண்ணைப் பொத்திக்கொண்டு அவருடைய முகத்தைப் பார்த்தேன். நல்ல சிவப்பு.